போனட்டுக்குள் புதுச் சத்தமா? பாகத்தை மாற்றுவதற்கு முன் காதுக்கு வேலை கொடுங்கள்

காலை ஐந்தரை மணி. காப்பார் பக்கம் ஒரு தாமானில், ஷிப்ட் வேலைக்குக் கிளம்பும் ஒருவர் பத்து வயதைத் தாண்டிய தன் காரை ஸ்டார்ட் செய்கிறார். இரவு முழுக்க மழை. போனட்டுக்குள்ளிருந்து ‘க்ரீஈஈச்’ என்று ஒரு சத்தம் கிளம்பி தெருவையே எழுப்புகிறது. இரண்டு நிமிடத்தில் அதுவாகவே அடங்கிவிடுகிறது. ‘சம்பளம் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்’ என்று அவர் கியரைப் போட்டுக் கிளம்புகிறார்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் பல குடும்பங்களுக்கு இது தெரிந்த காட்சிதான். தோட்டத்தில் இருந்த காலத்தில் லயத்து வீட்டிலிருந்து வேலைக்காட்டுக்கு நடந்தே போய்விடலாம். இன்று வீடு கிள்ளானில், வேலை ஷா ஆலாமிலோ பிரிக்பீல்ட்ஸிலோ துறைமுகத்திலோ. பேருந்து ஓடாத நேரத்தில் ஷிப்ட் தொடங்கும். கார் நின்றால் அன்றைய சம்பளமும் நின்றுவிடும்.

சத்தம் வந்ததும் பலர் இரண்டு தவறுகளில் ஒன்றைச் செய்கிறார்கள். ஒன்று, வானொலியின் சத்தத்தைக் கூட்டிவிட்டு ஓட்டுவது. மற்றொன்று, பயந்துபோய்ப் பட்டறையில் விட்டு, ‘எதை வேண்டுமானாலும் மாற்றுங்கள்’ என்று சொல்லிவிடுவது. முதல் தவறு இன்ஜினைத் தின்னும். இரண்டாவது பணத்தைத் தின்னும். சத்தம் என்பது காய்ச்சலைப் போல. அது நோயின் அறிகுறி. எங்கிருந்து வருகிறது, எப்போது வருகிறது என்று கண்டுபிடிக்காமல் பாகம் வாங்கக் கூடாது. அந்தக் கண்டுபிடிப்பில் பாதியைக் கார் உரிமையாளரே செலவில்லாமல் செய்துவிடலாம்.

முதல் கேள்வி: எப்போது?

அனுபவமுள்ள போர்மன் போனட்டைத் திறப்பதற்கு முன்பே கேட்கும் கேள்வி, ‘எப்போது சத்தம் வருகிறது?’ என்பதுதான். அதற்குத் தெளிவான பதில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

முதலில், காரைச் சமதரையில் நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, கியரை ‘பி’யிலோ நியூட்ரலிலோ வைத்து, எக்ஸலரேட்டரை மெதுவாக மிதித்துப் பார்க்க வேண்டும். கார் நகராமலே சத்தம் வந்து, இன்ஜின் வேகம் கூடக் கூட அதுவும் கூடினால், கோளாறு இன்ஜின் பக்கம் இருக்கிறது. நின்ற காரில் சத்தமே இல்லை, சாலையில் ஓடும்போது மட்டும் வருகிறது என்றால் சக்கர பேரிங், டிரைவ் ஷாஃப்ட், பிரேக், டயர் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். இந்த ஒரு சோதனையே பல பேரை வீண் அலைச்சலிலிருந்து காப்பாற்றும்.

அடுத்து நான்கு விஷயங்களைக் கவனித்துக் குறித்துக்கொள்வது நல்லது. காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது வருகிறதா, சூடான பிறகு வருகிறதா? ஏர்கோன் போட்டால் மாறுகிறதா? ஸ்டீரிங்கைத் திருப்பினால் மாறுகிறதா? மேடு ஏறும்போது, பாரம் இருக்கும்போது மட்டும் வருகிறதா? ஒவ்வொரு ‘ஆம்’, ‘இல்லை’ பதிலும் சந்தேகப் பட்டியலைச் சுருக்கும்.

பட்டறைக்குப் போய்ச் சேர்ந்ததும் சத்தம் ஒளிந்துகொள்வது எல்லாருக்கும் தெரிந்த கதை. காலையில் மட்டும் கேட்கும் சத்தத்தை மதியம் சூடான இன்ஜினில் யாராலும் கேட்க முடியாது. கைப்பேசியில் அரை நிமிடக் காணொளி எடுத்து வைத்துக்கொண்டால், போர்மன் அதைக் கேட்டே ஓரளவு ஊகிப்பார். முடிந்தால் முதல் நாள் மாலையே காரைப் பட்டறையில் விட்டு, மறுநாள் காலை அவர்களையே ஸ்டார்ட் செய்யச் சொல்லலாம்.

இரும்பைத் தட்டிக் கேட்ட காலம்

காதால் கோளாறைக் கண்டுபிடிப்பது பிரிக்பீல்ட்ஸுக்குப் புதிதல்ல. அந்த வட்டாரம் வளர்ந்ததே ரயில்வே ஊழியர்களின் குடியிருப்புகளைச் சுற்றித்தான். ரயில்வே உலகில் சக்கரம் தட்டுவது ஒரு தனி வேலையாகவே இருந்தது. நீண்ட கைப்பிடி கொண்ட சுத்தியலால் பெட்டிகளின் சக்கரங்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போவார்கள். நல்ல சக்கரம் மணி போல ஒலிக்கும். வெடிப்பு விழுந்த சக்கரம் மந்தமாகச் சத்தமிடும்.

கார் பட்டறையிலும் அதே முறைதான். மருத்துவரின் ஸ்டெத்தஸ்கோப் போலவே, முனையில் உலோகக் கம்பி பொருத்திய ஒரு கருவி மெக்கானிக்குகளிடம் உண்டு. அது இல்லாதவர் நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜின் பாகத்தில் வைத்து, கைப்பிடியைக் காதோடு சேர்த்துக் கேட்பார். கெட்டுப்போன பேரிங் இருக்கும் இடத்தில் சத்தம் சட்டென்று பெரிதாகக் கேட்கும்.

வீட்டில் அப்படிச் செய்வது ஆபத்து. ஓடும் இன்ஜினுக்கு அருகே கையும் காதும் போகக் கூடாது. தொங்கும் துப்பட்டா, சைலாங் கயிறு, அவிழ்ந்த கூந்தல், கைலி எதுவும் பெல்ட் பக்கம் வரக் கூடாது. பல கார்களில் இன்ஜினை நிறுத்திய பிறகும் ரேடியேட்டர் காற்றாடி திடீரென்று தானாகச் சுழலும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

‘க்ரீச்’ சத்தமும் தண்ணீர்ச் சோதனையும்

காப்பார் ஓட்டுநரின் காருக்கு வருவோம். குளிர்ந்த காலையில் நீளமாகக் கேட்டு அடங்கும் கிரீச் சத்தத்துக்குப் பெரும்பாலும் டிரைவ் பெல்ட்தான் காரணம். இன்ஜினின் சுழற்சியை வாங்கி, டைனமோ என்று பலரும் சொல்லும் ஆல்டர்னேட்டர், ஏர்கோன் கம்ப்ரஸர், பல கார்களில் வாட்டர் பம்ப், பழைய கார்களில் பவர் ஸ்டீரிங் பம்ப் ஆகியவற்றைச் சுழற்றுவது இந்த ரப்பர் பெல்ட்தான்.

ஸ்டார்ட் செய்த உடனே சத்தம் வந்து பிறகு அடங்குவதற்குக் காரணம் உண்டு. ஸ்டார்ட்டர் மோட்டார் பேட்டரியிலிருந்து நிறைய மின்சாரத்தை இழுத்திருக்கும். அதை ஈடுகட்ட ஆல்டர்னேட்டர் முதல் சில நிமிடங்கள் கடுமையாக உழைக்கும். அதனால் பெல்ட்டின் மீது இழுவை கூடும். பெல்ட் தளர்ந்தோ தேய்ந்தோ ஈரமாகவோ இருந்தால் புல்லியின் மீது வழுக்கும். அந்த வழுக்கல்தான் கிரீச் சத்தம். பேட்டரி நிறைந்ததும் இழுவை குறையும், சத்தமும் அடங்கும். சத்தம் அடங்கிவிட்டது என்பதற்காகக் கோளாறு தீர்ந்துவிட்டதாக நினைக்கக் கூடாது.

இதை உறுதிசெய்ய மெக்கானிக்குகள் ஓர் எளிய சோதனை செய்வார்கள். இன்ஜின் ஓடும்போது, பெல்ட்டின் வரிகள் உள்ள பக்கத்தில், தள்ளி நின்று கொஞ்சம் தண்ணீரைத் தெளிப்பார்கள். சத்தம் கூடினால் பெல்ட் வழுக்குகிறது. அதன் இறுக்கத்தையோ இறுக்கித் தரும் டென்ஷனரையோ பார்க்க வேண்டும். சத்தம் சட்டென்று நின்று, சிறிது நேரத்தில் திரும்ப வந்தால், புல்லிகள் ஒரே நேர்க்கோட்டில் இல்லை என்று அர்த்தம். நேர்க்கோடு தவறிய பெல்ட் பெரும்பாலும் குருவி கத்துவது போல ‘கீச் கீச்’ என்று விட்டுவிட்டுக் கத்தும். அங்கே புதுப் பெல்ட் போட்டாலும் சில நாளில் அதே சத்தம் திரும்பும். ‘போன மாதம்தானே பெல்ட் மாற்றினேன்’ என்ற புலம்பல் பல நேரம் இங்கேதான் பிறக்கிறது.

சத்தத்தை அடக்க பெல்ட்டின் மீது எண்ணெயோ கிரீஸோ சோப்போ தடவுவது கூடவே கூடாது. கொஞ்ச நேரம் அமைதி கிடைக்கும். வழுக்கல் அதிகமாகும், ரப்பரும் கெடும்.

பெல்ட் அறுந்தால் என்ன ஆகும்? முதலில் டாஷ்போர்டில் பேட்டரி விளக்கு சிவப்பாக எரியும். பெல்ட்டால் ஓடும் பவர் ஸ்டீரிங் இருந்தால் ஸ்டீரிங் கனக்கும். வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில் இருந்தால் சில நிமிடங்களில் இன்ஜின் கொதித்துவிடும். காலை நெரிசலில் கூட்டரசு நெடுஞ்சாலையின் நடுவில் இது நடந்தால் என்ன பாடு என்று அங்கே ஓட்டியவர்களுக்குத் தெரியும். பெல்ட் என்பது காரின் விலை குறைந்த பாகங்களில் ஒன்று. கொதித்துப்போன இன்ஜினைச் சரிசெய்வது அப்படி அல்ல.

உறுமலும் முனகலும்

கிரீச் சத்தம் இல்லாமல், ‘ம்ம்ம்’ என்ற முனகலோ அரைப்பது போன்ற உறுமலோ கேட்டு, இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கினால் பேரிங் ஒன்று தேய்ந்திருக்கலாம். ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப், ஏர்கோன் கம்ப்ரஸர், பெல்ட்டைத் தாங்கும் ஐட்லர் புல்லி என்று எல்லாவற்றிலும் பேரிங் உண்டு. இங்கேதான் ஊகத்தில் பாகம் மாற்றும் பழக்கம் பணத்தைக் கரைக்கிறது. ஆல்டர்னேட்டரை மாற்றி, சத்தம் போகாமல், பிறகு கம்ப்ரஸரை மாற்றி, கடைசியில் கோளாறு ஒரு சிறிய ஐட்லர் புல்லியில் இருந்தது என்று தெரியவரும்.

இதைத் தவிர்க்கச் சில நிமிடச் சோதனை போதும். மெக்கானிக் பெல்ட்டைக் கழற்றிவிட்டு இன்ஜினைச் சில வினாடிகள் மட்டும் ஓட்டிப் பார்ப்பார். சத்தம் போய்விட்டால், பெல்ட் சுழற்றும் பாகங்களில் ஒன்றுதான் குற்றவாளி. பிறகு இன்ஜினை நிறுத்தி, ஒவ்வொரு புல்லியையும் கையால் சுழற்றிப் பார்ப்பார். நல்ல பேரிங் வழுவழுப்பாகச் சுழலும்; கெட்டது கரகரக்கும் அல்லது ஆடும். பெல்ட்டைக் கழற்றிய பிறகும் சத்தம் அப்படியே இருந்தால், கோளாறு இன்ஜினுக்குள். ‘பெல்ட்டைக் கழற்றிப் பார்த்தீர்களா?’ என்று மரியாதையாக ஒரு கேள்வி கேட்பதற்கு எந்த வாடிக்கையாளரும் தயங்க வேண்டியதில்லை.

வாட்டர் பம்ப்பில் சத்தம் என்றால், அதன் அடியில் கூலண்ட் கசிந்து காய்ந்த தடமும் பெரும்பாலும் இருக்கும். ஸ்டீரிங்கைத் திருப்பும்போது மட்டும் முனகினால், பவர் ஸ்டீரிங் எண்ணெய் குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இது எண்ணெயால் இயங்கும் பவர் ஸ்டீரிங் உள்ள பழைய கார்களுக்குத்தான் பொருந்தும். மின்சார ஸ்டீரிங் உள்ள கார்களில் அந்த எண்ணெயே கிடையாது.

‘டிக் டிக்’ என்றால் முதலில் எண்ணெய்

தையல் இயந்திரம் ஓடுவது போல இன்ஜினின் மேல்பகுதியிலிருந்து ‘டிக் டிக்’ என்று கேட்டால், முதலில் பார்க்க வேண்டியது ‘மின்யாக் ஹீத்தாம்’ என்று பட்டறைகளில் அழைக்கப்படும் இன்ஜின் எண்ணெயை. காரைச் சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துச் சில நிமிடம் கழித்து, அளவுக்கம்பியை இழுத்துத் துணியால் துடைத்து, மறுபடி முழுதாக விட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். எண்ணெய் இரண்டு குறிகளுக்கும் நடுவில் இருக்க வேண்டும். கீழ்க்குறிக்கும் கீழே போயிருந்தால், எண்ணெய் ஊற்றாமல் காரை ஓட்டக் கூடாது. எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் கூலண்ட் கலந்திருக்கலாம். அது பட்டறைக்கான வேலை.

எண்ணெய் சரியாக இருந்தும் டிக் சத்தம் வந்தால் வால்வு இடைவெளி, தளர்ந்த ஸ்பார்க் பிளக், எக்ஸாஸ்ட் கசிவு ஆகியவற்றைப் பார்ப்பார்கள். குளிரில் கேட்டு, சூடானதும் மறையும் ‘டஃப் டஃப்’ பல நேரம் எக்ஸாஸ்ட் கசிவுதான். உலோகம் சூட்டில் விரிந்து இடைவெளியை அடைத்துவிடுவதால் சத்தம் மறைகிறது.

2005-இல் வெளிவந்த முதல் மைவி போன்ற கார்களில் டைமிங் செயின் இருக்கிறது. எண்ணெயை உரிய நேரத்தில் மாற்றாத கார்களில், ஸ்டார்ட் செய்ததும் சில வினாடிகள் செயின் கலகலக்கும். எண்ணெய் அழுத்தம் வந்து டென்ஷனர் இறுக்கும் வரை அந்தச் சத்தம் நீடிக்கும். நாளுக்கு நாள் அது நீண்டால் கவனிக்க வேண்டும்.

மாறாக, புரோட்டோன் விரா, ஜென்-2 போன்ற கார்களில் இருப்பது ரப்பர் டைமிங் பெல்ட். அது பல நேரம் எந்தச் சத்தமும் போடாமலே அறுந்துவிடும். அறுந்தால் பல இன்ஜின்களில் வால்வுகளும் பிஸ்டன்களும் மோதிக்கொள்ளும். அதனால் சத்தத்துக்காகக் காத்திராமல், கார் கையேட்டில் சொன்ன கிலோமீட்டரில் அதை மாற்றிவிட வேண்டும். பழைய கார் வாங்குபவர்கள் ‘டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது?’ என்று கேட்டு, ரசீதையும் பார்ப்பது நல்லது.

உடனே நிறுத்த வேண்டிய சத்தங்கள்

சில சத்தங்களுக்கு ‘சம்பளம் வரட்டும்’ என்பதே கிடையாது. இன்ஜினின் அடியிலிருந்து சுத்தியலால் அடிப்பது போல ‘டொக் டொக்’ என்று கனமாகக் கேட்டு, வேகத்தோடு கூடினால், கனெக்டிங் ராட் பேரிங் தேய்ந்திருக்கலாம். அங்கேயே நிறுத்திவிட்டால் இன்ஜினைப் பிழைக்க வைக்க வாய்ப்பு உண்டு. ‘வீடு வரை ஓட்டிவிடலாம்’ என்று போனால் கிராங்க் ஷாஃப்ட் கெடும். ராட் முறிந்து இன்ஜின் பிளாக்கையே உடைக்கவும் கூடும். பிறகு ‘ஹாஃப் கட்’ இன்ஜின் தேடிப் ‘பொத்தோங்’ கடைகளில் அலைய வேண்டியதுதான்.

எண்ணெய்க் குடம் போன்ற சிவப்பு விளக்கு ஓட்டத்தில் எரிந்தாலும், வெப்பமானி சிவப்பைத் தொட்டாலும், ‘உஸ்ஸ்’ என்று சீறி ஆவி கிளம்பினாலும் அப்படித்தான். பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி, அபாய விளக்கைப் போட்டு, இன்ஜினை அணைக்க வேண்டும். பயணிகள் கார்களின் ஓட்டத்திலிருந்து தள்ளி, தடுப்புக்கு அப்பால் நிற்பது நல்லது. பல காப்புறுதித் திட்டங்களில் இழுவை லாரிச் சேவை சேர்ந்தே இருக்கும். அந்த எண்ணை முன்கூட்டியே கைப்பேசியில் பதிந்து வைத்திருந்தால், அழைக்காமலே வந்து நிற்கும் இழுவை லாரியிடம் விலை பேசித் தவிக்க வேண்டியதில்லை.

காராக் நெடுஞ்சாலையில் மேடு ஏறும்போது, டப்பாவில் கோலிக்குண்டு குலுங்குவது போலக் கேட்பது வேறு. எரிபொருள் தவறான நேரத்தில் வெடிப்பதால் அது வருகிறது. கையேடு கேட்பதைவிடக் குறைந்த ரோன் பெட்ரோல், கரி படிந்த இன்ஜின், அளவுக்கு மீறிய சூடு ஆகியவை காரணமாகலாம். எக்ஸலரேட்டரை விட்டுக்கொடுத்து மெதுவாக ஏறி, விரைவில் பட்டறையில் காட்ட வேண்டும்.

பயமுறுத்தும், ஆனால் சிறிய கோளாறுகள்

எல்லாச் சத்தமும் பேராபத்து அல்ல. சமிக்ஞை விளக்கில் நிற்கும்போது தகரம் நடுங்குவது போலக் கேட்டால், எக்ஸாஸ்ட்டைச் சுற்றியுள்ள வெப்பத் தடுப்புத் தகடு தளர்ந்திருக்கலாம். ஒரு போல்ட்டோ கிளிப்போ போதும். ‘டி’யிலிருந்து ‘ஆர்’ மாற்றும்போது ‘டொம்’ என்று இடித்து, கார் நடுங்கினால் இன்ஜின் மவுண்டிங் ரப்பரைப் பார்க்க வேண்டும்.

எலிகள் இன்ஜின் சூட்டைத் தேடி வந்து கூடு கட்டும், வயரையும் கடிக்கும். மழை இரவுகளில் தெருப் பூனைகளும் உள்ளே படுத்துக்கொள்ளும். காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் போனட்டை இரண்டு தட்டுத் தட்டுவது ஓர் உயிரையும் ஒரு பெல்ட்டையும் காப்பாற்றும்.

வெள்ளம் பார்த்த கார்

2021 டிசம்பர் 18-ஆம் தேதி வாக்கில் வந்த பெருவெள்ளத்தை ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா மக்கள் மறக்க மாட்டார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏராளமான கார்கள் நீரில் மூழ்கின. அப்படி நனைந்த காரை ‘ஓடுகிறதா பார்ப்போம்’ என்று ஸ்டார்ட் செய்யவே கூடாது. சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீரைப் பிஸ்டனால் அழுத்த முடியாது, ராட் வளைந்துவிடும். இழுத்துச் சென்று, தண்ணீரை வெளியேற்றி, எண்ணெயை மாற்றிய பிறகே இயக்க வேண்டும். அப்படிச் செய்த பிறகும், பேரிங்குகளின் கிரீஸ் கழுவப்பட்டிருந்தால் சில வாரம் கழித்து உறுமல் தொடங்கலாம். பழைய கார் வாங்கும்போது இப்படிப் பல புல்லிகள் ஒரே நேரத்தில் கரகரத்தால், அந்தக் கார் வெள்ளம் பார்த்ததா என்று விசாரிக்க வேண்டும்.

பட்டறையில் எப்படிப் பேசுவது?

‘பெல்ட்டை மாற்றுங்கள்’ என்று முடிவைச் சொல்வதைவிட, ‘காலையில் மட்டும், முதல் இரண்டு நிமிடம், ஏர்கோன் போட்டால் கூடுகிறது’ என்று அறிகுறியைச் சொல்வது நல்லது. பெல்ட்டை மாற்று என்றால் பெல்ட்தான் மாறும். சத்தம் போகாவிட்டால் அது வாடிக்கையாளரின் பொறுப்பாகிவிடும். வேலை தொடங்குவதற்கு முன் எந்தப் பாகம், அசலா மாற்றுத் தயாரிப்பா, கூலி எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தரச் சொல்ல வேண்டும். பணம் கட்டுவதற்கு முன், சத்தம் வந்த அதே சூழலில் காரை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

நேர்மையான போர்மன் இதையெல்லாம் தவறாக நினைக்க மாட்டார். அப்படியும் ஏமாற்றம் நேர்ந்தால், 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கும். சேவையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்து தர வேண்டும் என்பது அச்சட்டம் வைக்கும் கடமை. ‘திரிபியூனல்’ என்று பலரும் சொல்லும் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டணம் செலுத்தி, 50,000 வெள்ளி வரையிலான இழப்பீட்டுக்கு வழக்குத் தொடுக்கலாம். அங்கே வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. பிரச்சினை எழுந்த 3 ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அங்கே பேசப்போவது ரசீதும் பழைய பாகமும் கைப்பேசிக் காணொளியும்தான்.

காப்பார் ஓட்டுநர் அன்று காலை செய்ய வேண்டியிருந்தது பெரிய காரியம் அல்ல. அரை நிமிடக் காணொளி, ஏர்கோனைப் போட்டு அணைத்து ஒரு சோதனை, வேலை முடிந்து வரும் வழியில் பட்டறையில் பத்து நிமிடம். தளர்ந்த பெல்ட் என்றால் அன்றே இறுக்கியோ மாற்றியோ முடித்துவிடலாம். அடுத்த நாள் ஷிப்டும் தவறாது, தெருவும் நிம்மதியாகத் தூங்கும்.